கைவிஷம் கொடுத்தது யார்?

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் கல்யாணமான ஆள் ஒருவன் வேறொரு பெண்ணின் பின்னால் கிறுக்குப் பிடித்துத் திரிந்தால் ஊருக்கு ஒரே விளக்கம்தான். “கைவிஷம் குடுத்திட்டா.” சாயாவிலோ சோற்றிலோ எதையோ கலந்து கொடுத்துவிட்டாளாம், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை ஆட்டிவைக்கிறதாம். அதை வாந்தியெடுக்க வைப்பதற்கென்றே கேரளத்தில் சேர்த்தலை பக்கமுள்ள திருவிழா மகாதேவர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மார்த்தாண்டமானாலும் குளச்சலானாலும், கோயிலுக்குப் போகிற வீடானாலும் சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் இந்த ஒரு விஷயத்தில் பேதம் கிடையாது. அவன் தானாக விரும்பித்தான் போனான் என்று மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

‘பேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். ஹாலிவுட்காரர்களும் கைவிஷத்தை நம்புகிறவர்கள்தான் போலிருக்கிறது.

1987இல் வந்த படம், ஏட்ரியன் லைன் இயக்கியது. மைக்கேல் டக்ளஸ் நியூயார்க்கில் வக்கீல். நல்ல மனைவி, சின்ன மகள், ஒரு நாய். மனைவி ஊரில் இல்லாத வார இறுதியில் அலெக்ஸ் என்ற பெண்ணோடு பழக்கம். அலெக்ஸாக க்ளென் க்ளோஸ். அவனுக்கு விஷயம் அதோடு முடிந்தது, அவளுக்கு முடியவில்லை. ஓயாத போன், கர்ப்பம், காரின் மேல் ஆசிட், கடைசியில் மகள் வளர்க்கிற முயலை அடுப்பில் வேகவைப்பது வரை போகிறாள்.

அந்த முயலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பயம் தந்தது அதற்கு ரொம்ப முன்னால் வரும் ஒரு காட்சி. அவளை விட்டு வீட்டுக்கு வருகிறான். மனைவி செய்து வைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே இருக்கிறது. அதை எடுத்து நாய்க்கு வைக்கிறான். தூங்கி எழுந்ததுபோலத் தெரியட்டும் என்று படுக்கையைக் கலைத்து விடுகிறான். அவ்வளவுதான், பின்னணியில் திகில் இசைகூடக் கிடையாது. இதைச் செய்கிறவனுக்கு யார் என்ன மருந்து வைத்தார்கள்? முழுப் புத்தியோடு, கணக்குப் போட்டுச் செய்கிற வேலை அல்லவா அது? முக்கால்வாசிப் படம் பார்த்த பிறகு இந்தக் காட்சி நமக்கு மறந்தே போகிறது. மறக்கடிக்கத்தான் முயல்.

படத்துக்கு முதலில் படமாக்கிய முடிவு வேறு. அலெக்ஸ் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வாள், கத்தியில் அவனுடைய கைரேகை இருக்கும், போலீஸ் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போகும். முன்னோட்டமாகப் பார்த்த ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. அவள் கொல்லப்பட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. க்ளென் க்ளோஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, தான் நடித்தது மனம் உடைந்த ஒரு பெண்ணை, கொலைகாரியை அல்ல என்பது அவர் வாதம். கடைசியில் சம்மதித்தார். இப்போது நாம் பார்க்கிற படத்தில், குளியலறையில் கத்தியோடு வருகிற அலெக்ஸை அவன் தொட்டித் தண்ணீரில் அமுக்குகிறான். செத்தாள் என்று நினைக்கும்போது எழுகிறாள். சுடுவது மனைவி. படம் முடிவது குடும்பப் புகைப்படத்தில். புருஷன் செய்த அசிங்கத்தைக் கழுவுகிற வேலையும் பெண்டாட்டி தலையில்தான்! ஆறு ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, அது போகட்டும்.

இந்த முடிவை ஊர்க்காரர்கள் கேமரா இல்லாமலே எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு விவகாரம், ஊர்பேர் வேண்டாம். தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை வாடகை வீட்டிலிருந்து உடனே காலி செய்ய வைத்தார்கள். அந்த ஆள் கொஞ்ச நாள் வளைகுடாவுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் திருவிழாக் கமிட்டி நோட்டீசில் பெயர். அவருடைய மனைவி என்னிடம் சொன்னது: “அவரு பாவம் மக்ளே, அவதான் என்னத்தயோ குடுத்துப் போட்டா.” அந்த மைனியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்படி நம்பாவிட்டால் அதே வீட்டில் அதே ஆளுக்கு எப்படிச் சோறு போட முடியும்?

சட்டம் மட்டும் ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2018இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்கிறவரை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த 497ஆம் பிரிவு, இன்னொருவன் மனைவியோடு அவன் சம்மதமில்லாமல் உறவு வைத்த ஆணைத்தான் தண்டித்தது. பாதிக்கப்பட்டவன் அந்தக் கணவன். அலெக்ஸ் கல்யாணமாகாதவள், அதனால் நம்ம வக்கீல் அந்தப் பிரிவின்படி ஒரு குற்றமும் செய்யவில்லை. அவன் மனைவி எந்தக் கோர்ட்டிலும் அதைக் குற்றமென்று சொல்லிக் கேஸ் போட்டிருக்க முடியாது.

இதற்கு நேர் எதிராக எனக்குப் பிடித்தது லூயி மால் 1992இல் எடுத்த ‘டேமேஜ்’. ஜெரமி அயன்ஸ் இங்கிலாந்து அரசியல்வாதி, மகன் காதலிக்கிற பெண்ணின் மேல் பித்தாகிறார். ஜூலியட் பினோஷ் அந்தப் பெண். இருவரையும் ஒன்றாகப் பார்த்த மகன் பின்வாங்கும்போது மாடிப்படிக் கம்பியைத் தாண்டி விழுந்து சாகிறான். அப்பா உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் படியிறங்கி ஓடிப்போய் மகனை அள்ளிக்கொள்கிறார். அந்த அம்மணத்தை மூட இயக்குநர் எந்தச் சாக்கையும் கையில் கொடுக்கவில்லை. சுட்டுத்தள்ள ஒரு ராட்சசியும் இல்லை. மனைவியாக மிராண்டா ரிச்சர்ட்சன். அதன்பின் அவர் புருஷனை எதிர்கொள்ளும் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். பாஃப்டா விருது சும்மா கிடைக்கவில்லை.

அதிலும் ஒரு குறை உண்டு. அந்தப் பெண்ணின் சின்ன வயதில் அண்ணன் தற்கொலை செய்துகொண்டதாக ஒரு கதை வைத்து, அவள் இப்படித்தான், ஆபத்தானவள் என்று சூசகமாகச் சொல்லிவிடுகிறார்கள். அரைக்கரண்டி கைவிஷம் இங்கேயும் உண்டு. ஆனாலும் குடித்தவன் தானே எடுத்துக் குடித்தான் என்பதை மறைக்கவில்லை.

பார்க்கிறவர்கள் பிள்ளைகள் உறங்கிய பிறகு பாருங்கள், இரண்டிலும் அந்த மாதிரிக் காட்சிகள் இருக்கின்றன. ‘ஆம்பளைன்னா அப்படித்தான்’ என்று கமென்ட் போட வருகிறவர்கள் இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.