தோட்டாக் கூடு குளிரைத் தடுக்காது

துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் மூடியிருக்கும் வெடிமருந்தைக் குளிர் தொடாது என்றும், குளிரில் சுடும்போது குளிர்காற்றின் அடர்த்தியால் மட்டுமே குண்டு இலக்கில் தாழ்வாகப் படுகிறது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பதில் பாதிதான் சரி. 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குறையும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 11 சதவீதம் கூடுவது உண்மையே. ஆனால் கூடு தடுப்பது ஈரத்தைத்தான், வெப்பநிலையை அல்ல. தோட்டாவில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்து குளிர்ந்தால் மெதுவாக எரிவதால், துப்பாக்கிக் குழலுக்குள் அழுத்தமும் குண்டு வெளியேறும் வேகமும் குறைகின்றன. எவ்வளவு குறையும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

இங்கே கணக்கில் வருவது காற்றின் வெப்பநிலை அன்று, மருந்தின் வெப்பநிலை; சுட்டுச் சூடேறிய குழலில் தோட்டாவைச் சில நிமிடம் விட்டுவைத்தாலே வேகம் மாறிவிடும். காரைக்குடியில் சித்திரை வெயிலில் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவியைச் சரிசெய்துகொண்டு, தை மாதத்தில் டெல்லி துக்ளகாபாத் துப்பாக்கிச்சுடும் களத்தில் சுடப் போகிறவர், அங்கே மீண்டும் சரிபார்க்கத்தான் வேண்டும். 50 மீட்டரில் பெரிதாகத் தெரியாத வேறுபாடு 300 மீட்டரில் தெரியும்.

நம் ஊருக்கு வெயில்தான் பெரிய கவலை: சூடேறிய மருந்தால் குழலுக்குள் அழுத்தம் கூடும் என்பதால், தோட்டாப் பெட்டியைப் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள்.