கிரீன்ஹாம் காமன்: ஏவுகணைக்கு எதிராக மேய்ச்சல் உரிமை

கிரீன்ஹாம் காமன் என்றாலே பலருக்கும் அணு ஏவுகணைகளும் அதை எதிர்த்து முகாம் போட்ட பெண்களும்தான் நினைவுக்கு வரும். நியாயம்தான். ஆனால் அந்த விமானத் தளத்தின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அது ஊர்ப்பொது மேய்ச்சல் நிலம்.

இங்கிலாந்தில், பெர்க்‌ஷயரின் நியூபரி ஊரை ஒட்டிய புதர்க்காட்டு மேடு அது. அக்கம்பக்கத்துச் சில வீட்டுக்காரர்களுக்கு அங்கே மாடு மேய்க்கும் உரிமை காலங்காலமாக உண்டு. 1941இல் அரசு போருக்காக எடுத்துக்கொண்டது. ஹிட்லர் வாசலில் நிற்கும்போது யார் மறுப்பார்கள்? 1944 ஜூன் 5 மாலை, பிரான்ஸின் நார்மண்டியில் குதிக்கப்போகும் அமெரிக்க பாராசூட் வீரர்களை நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசனோவர் இங்கேதான் வந்து சந்தித்தார். முகத்தில் கரி பூசிய பையன்களோடு அவர் பேசும் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, போர் முடிந்ததே, நிலம் திரும்பி வந்ததா? தளத்தை மூடினார்கள், 1951இல் அமெரிக்க விமானப்படைக்காக மறுபடி வேலை தொடங்கிவிட்டது. குண்டுவீச்சு விமானங்களுக்காக 10,000 அடி ஓடுபாதை. அப்புறம் 1979இல் நேட்டோ எடுத்த முடிவின்படி 96 குரூஸ் ஏவுகணைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

1981 செப்டம்பரில் வேல்ஸின் கார்டிஃபிலிருந்து நடந்தே வந்த பெண்கள் வாயிலில் தங்கிவிட்டார்கள். 1982 டிசம்பர் 12 அன்று சுமார் 30,000 பெண்கள் ஒன்பது மைல் வேலியைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். கம்பியெல்லாம் குழந்தைச் சட்டைகளும் குடும்பப் படங்களும். அடுத்த புத்தாண்டு விடியலில் 44 பேர் ஏணி போட்டு வேலி தாண்டி, ஏவுகணைக் கிடங்கின் மேல் ஏறி நடனமாடினார்கள். கைது, சிறை எல்லாம் நடந்தது.

அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் குற்றம் என்று 1985இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு விதி போட்டது. அந்த அதிகாரத்தைத் தந்த 1892ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது: பொதுநில உரிமைக்காரர்களின் உரிமையைப் பாதிக்கக் கூடாது. தண்டிக்கப்பட்ட இரண்டு பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். 1990இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அந்த விதியே செல்லாது என்றது. அணு ஆயுதம் வைத்திருந்த அரசை மாடு மேய்க்கும் உரிமை மடக்கிவிட்டது!

ஏவுகணைகளை அகற்றியது அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1987இல் போட்ட ஒப்பந்தம்தான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். 1991இல் கடைசி ஏவுகணை போன பிறகும் வேலி அப்படியேதான் நின்றது. ஊர்ப்பொது நிலம் என்ற பிடி இல்லாவிட்டால் அத்தனையும் மனை போட்டு விற்கப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. 1997இல் ஓர் அறக்கட்டளை தளத்தை வாங்கியது. கட்டடப் பகுதி வணிக வளாகமானது. திறந்தவெளி 2000இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமைகளை 2002இல் தனிச் சட்டமே போட்டுத் திருப்பித் தந்தார்கள். அதாவது, போர்க்கால அவசரம் என்று எடுத்ததை மீட்க அறுபது வருடம்.

பெயர்த்தெடுத்த ஓடுபாதைக் கான்கிரீட்டில் ஒரு பகுதி நியூபரி புறவழிச்சாலைக்குப் போனது. அந்தச் சாலைக்காகக் காட்டை வெட்டக் கூடாது என்று 1996இல் மரமேறி உட்கார்ந்து போராடியவர்கள் வேறு ஒரு கூட்டம். அவர்களுக்கு இப்படி ஒரு சட்டப்பிடி கிடைக்கவில்லை.