‘ஆண்’ என்று பதிவானால் கருப்பை வாய்ப் பரிசோதனை வேண்டாமா?

‘ஆவணத்தில் ஆண் என்று மாற்றிய திருநம்பிக்கு (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்) கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையில்லை’ என்று பரவும் தகவல் தவறு. உடலில் உள்ள உறுப்பைப் பொறுத்தே பரிசோதனை. கருப்பை வாய் இருந்தால், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எடுப்பவருக்கும் அது வேண்டும். ‘பெண்’ என்ற பதிவை வைத்து நினைவூட்டல் அனுப்பும் கணினியில் அழைப்பு நின்றுபோகும். அழைப்பு வரவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

டெஸ்டோஸ்டிரோன் திசுவை மெலியவைப்பதால் பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துச் செய்யும் சோதனை) மாதிரி போதாமல் போவதுண்டு. ஆய்வகச் சீட்டில் ஹார்மோன் விவரத்தை எழுதிவிடுங்கள். திருநங்கையருக்கும் உறுப்பைப் பொறுத்தே பரிசோதனை: பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சையில் புராஸ்டேட் சுரப்பி பொதுவாக அகற்றப்படுவதில்லை.

மருத்துவமனையில் ‘பெண்கள் பிரிவு’ என்ற பலகையும், காத்திருப்போர் நடுவே ‘அந்தப் பொண்ணு வாம்மா’ என்ற கூப்பாடும் போதும், திருநம்பி திரும்பிப் போய்விட. டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம். படிவத்தில் பாலினம் ஒரு கேள்வி, உள்ள உறுப்புகள் தனிக் கேள்வி. பேசும்போது ‘அவர்’ என்றே குறிப்பிடலாம்; அந்தச் சொல் தமிழில் எப்பாலுக்கும் பொருந்தும்.