இரண்டு பாதம், மூன்று பாதம்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கும் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்டப் போட்டியில் பிள்ளை தொடக்கக் கோட்டில் குனிந்திருக்கும்போது "எழும்பு, எழும்பு!" என்று கத்தாதீர்கள்.

போன மாதம் மாவட்டப் போட்டியில் என் அண்ணன் மகள் 100 மீட்டர் ஓடினாள். 12 வயது, நல்ல உயரம். அவளுக்கு முன்னால் ஓடிய குள்ளமான பிள்ளை விட்டுப்போன இடத்திலேயே ஸ்டார்டிங் பிளாக் (கிளம்பும்போது காலை ஊன்றித் தள்ளும் கட்டை) இருந்தது. அதை நகர்த்தலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 'செடியா' (மலாயில் 'தயார்') என்றதும் முட்டி இரண்டும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. வெடிச் சத்தம் கேட்டதும் பாயவில்லை, நேராக நிமிர்ந்துவிட்டாள். அப்புறம்தான் ஓட்டமே. ஆறாவது இடம். எனக்கு வயிறு எரிந்தது.

"சத்தத்துக்கு லேட்டா கிளம்பிட்டா" என்றார்கள். 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது சத்தம் கேட்டுக் கிளம்ப அவருக்கு 0.146 விநாடி ஆனது. அவரைவிடச் சீக்கிரம் கிளம்பியவர்கள் அதே ஓட்டத்தில் இருந்தார்கள். ஆனாலும் ஜெயித்தது அவர்தான்.

தொடக்கம் என்றால் தள்ளுவது. பின்கால் சுருக்கென்று ஓர் உதை கொடுத்துவிட்டு முதலில் கிளம்பிவிடும். முன்கால்தான் கடைசிவரை தள்ளிக்கொண்டிருக்கும். கிளம்பும் வேகத்தில் பெரும்பங்கு அதனுடையது. அதற்கு முன்முட்டி சுமார் 90 பாகையிலும் பின்முட்டி 120, 130 பாகையிலும் இருக்க வேண்டும். ரொம்ப மடங்கிக் கிடந்தால் கால் நீண்டு தள்ள வழியில்லை. உடனே நிமிர்ந்தால் தள்ளிய பலம் மேல்பக்கம் போய் வீணாகிறது.

அளக்க டேப் வேண்டாம், பிள்ளையின் பாதமே போதும். கோட்டிலிருந்து முன்பிளாக்குக்கு இரண்டு பாதம், பின்பிளாக்குக்கு மூன்று. அங்கிருந்து கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி அவளுக்குத் தோதானதைப் பிடிக்கலாம்.

பிளாக் வாங்கக் காசில்லை என்பதும் சரியான காரணமில்லை. 1936 ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் சின்னக் கரண்டியால் தரையில் குழி தோண்டிக் காலை ஊன்றித்தான் ஓடினார். ஒலிம்பிக்கில் பிளாக் வந்ததே 1948-இல்தான். நம் மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசன் 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். 2017 வரை நாட்டில் அதை யாரும் முறியடிக்கவில்லை. அப்படிப்பட்டவரைத் தந்த சமூகம் நாம்.

நேற்றுச் சாயங்காலம் செம்பனை ஓரத்துத் திடலில் அவள் பாதத்தை அளந்தோம். 24 சென்டிமீட்டர். 48-இல் ஒரு கோடு, 72-இல் ஒரு கோடு. பிளாக்குக்குப் பதில் நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் முட்டுக்கொடுத்தேன். முதல் இரண்டு தடவை பழையபடியே நிமிர்ந்தாள். மூன்றாவது தடவை என் பாதத்தில் விழுந்த தள்ளலே வேறு. நாலு எட்டு வரை தலை தூக்கவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "சித்தப்பா, முன்காலுதான் தள்ளுது" என்றாள்.