சால்மனுக்கு ஊசி போடுகிறார்கள், போடட்டும்

சால்மன் மீனுக்கு ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஆமாம், உண்மைதான். எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் "அதிர்ச்சித் தகவல்" என்ற தலைப்போடு சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோவில் காட்டுவது பொய் இல்லை. மயக்க மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சுகளை விட்டு, அவை கிறங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றில் குத்துகிறார்கள். சில இடங்களில் கையால், பெரிய பண்ணைகளில் இயந்திரத்தால். பொய் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. அந்த ஊசியில் இருப்பது ஹார்மோன் என்கிறார்கள். இல்லை, அது தடுப்பூசி.

அந்த ஊசி வராத காலம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். 1987-ல் நார்வேயின் மீன் பண்ணைகள் ஏறக்குறைய 50 டன் ஆண்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து கொட்டின. பாக்டீரியா நோய்கள் அவ்வளவு மோசமாக இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த தடுப்பூசிகள் புழக்கத்துக்கு வந்ததும் அந்த அளவு மளமளவென்று சரிந்தது. இன்று நார்வே ஆண்டுக்கு 15 லட்சம் டன் சால்மன் வளர்க்கிறது, ஆண்டிபயாடிக் ஒரு டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. சிலியில் கதை வேறு. அங்கே முக்கியமான பாக்டீரியா நோய்க்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் இன்னமும் நூற்றுக்கணக்கான டன் ஆண்டிபயாடிக் போகிறது. ஆகவே பயப்பட வேண்டும் என்றால் ஊசி போட்ட மீனைப் பார்த்து அல்ல, ஊசி பலிக்காத மீனைப் பார்த்துப் பயப்படுங்கள். (எனக்கு சால்மன் வியாபாரம் எதுவும் இல்லை. அந்த விலைக்கு நான் வஞ்சிரமே வாங்கிக்கொள்வேன்.)

இதுவரை சொன்னது பாக்டீரியா. வைரஸ் என்று வரும்போது ஊசி இவ்வளவு சுலபமாக ஜெயிக்கவில்லை. நான் இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

சால்மனைத் தாக்கும் வைரஸ்களின் சொந்தக்காரர்களை நமக்கு நன்றாகவே தெரியும். 1984-ல் நார்வேயில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட தொற்று ரத்தசோகை, நம் இன்ஃபுளுவென்சா வைரஸின் குடும்பம். கணைய நோயைத் தரும் வைரஸ் சிக்குன்குனியாவின் பங்காளி. 2006-ல் தமிழ்நாட்டில் மாடிப்படி ஏற முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் குணம் தெரிந்திருக்கும். ஒரே வித்தியாசம், சால்மன் வைரஸுக்குக் கொசு தேவையில்லை, தண்ணீரிலேயே ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்குப் போய்விடும். இந்த வைரஸ்கள் மனிதர்களைத் தொற்றுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பத்தியை மட்டும் வெட்டி அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கணைய நோய்க்கு எதிராக ஒரு டி.என்.ஏ. தடுப்பூசிக்கு (வைரஸின் மரபணுத் துண்டையே ஊசியில் செலுத்தும் வகை) 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. வேறொரு சால்மன் வைரஸுக்குக் கனடா 2005-லேயே டி.என்.ஏ. தடுப்பூசியை அனுமதித்திருந்தது. மனிதர்களுக்கான முதல் டி.என்.ஏ. தடுப்பூசி இந்தியாவில் அனுமதி பெற்றது 2021-ல், கொரோனா சமயத்தில். மீன் நம்மை முந்திக்கொண்டது. இவ்வளவு நவீனமான மருந்து கையில் இருந்தும் கணைய நோய் இன்னும் போய்விடவில்லை.

ஏன் என்றால் மீனின் உடம்பு அப்படி. அதற்கு எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி கிடையாது, நிணநீர் முடிச்சுகள் கிடையாது. சிறுநீரகத்தின் தலைப்பக்கத்துப் பகுதிதான் அந்த வேலையைப் பார்க்கிறது, துணைக்கு மண்ணீரலும் தைமஸும். ஆன்டிபாடி உண்டு, ஆனால் வகைகள் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக அது குளிர்ரத்தப் பிராணி, எதிர்ப்பு சக்தி உருவாகும் வேகம் தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. சென்னையில் மதியத்துக்குள் பொங்கி வழியும் இட்லி மாவு ஊட்டியில் மறுநாள்வரை அசையாமல் கிடக்குமே, அந்தக் கதைதான். அதனால் பண்ணைக்காரர்கள் நாட்களை டிகிரியால் பெருக்கிக் கணக்கு வைக்கிறார்கள். 10 டிகிரி தண்ணீரில் 40 நாள் என்றால் 400. அந்தக் கணக்கு நிறைவதற்குள் கடலில் இறக்கினால் ஊசி போட்டும் பெரிய பலன் இல்லை. போதாக்குறைக்கு, நன்னீரிலிருந்து உப்புத் தண்ணீருக்குப் பழகும் பருவத்தில் மீனின் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி எதிர்ப்பு சக்தி இறங்குகிறது. புதிய வைரஸ்களைச் சந்திப்பதும் அதே சமயத்தில்தான்.

ஒரே ஒரு வைரஸ் விஷயத்தில் பெரிய வெற்றி கிடைத்தது. கணையத்தை அழிக்கும் இன்னொரு நோய்க்கு எதிரான தாங்குதிறன் பெரும்பாலும் ஒரே மரபணுப் பகுதியில் இருப்பதை ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதி உள்ள தாய் மீன்களைத் தேர்ந்தெடுத்து முட்டை எடுத்தார்கள். 2009-ல் நார்வேயில் 200-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் இருந்த அந்த நோய், சில ஆண்டுகளில் சில டஜன்களாகச் சுருங்கியது. மற்ற வைரஸ்களுக்கு இப்படி ஒரே சாவி கிடைக்கவில்லை.

சரி, சிலிக்கு வருகிறேன். 2007-ல் சிலோயே தீவுப் பகுதியில் ஒரு பண்ணையில் அந்த ரத்தசோகை வைரஸ் உறுதியானது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே கூண்டுக்குப் பக்கத்தில் கூண்டு, பண்ணைக்குப் பக்கத்தில் பண்ணை என்று நெருக்கி வைத்து, எல்லா வயது மீனையும் ஒரே நீர்ப்பரப்பில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனதால் யாரும் குறுக்கே கேட்கவில்லை. வைரஸ் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு, மீன் ஏற்றும் படகுகளிலும் தண்ணீரிலுமாகப் பரவியது. ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி 2010 வாக்கில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதன் பிறகுதான் பண்ணைகளைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒரு பேட்டை முழுக்க ஒரே நேரத்தில் அறுவடை செய்து, சில மாதம் கடலைச் சும்மா விடும் விதி வந்தது.

வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகள் அதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவை. மொத்தம் 50 ஆயிரத்துச் சொச்சம் மக்கள்தொகை, மீனை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றுமதி இல்லை. 2000-ல் அதே வைரஸ் வந்து சில ஆண்டுகளில் சால்மன் தொழிலையே ஏறக்குறைய துடைத்தெடுத்தது. அவர்கள் தடுப்பூசியும் போட்டார்கள், ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒரு கடற்கழியில் ஒரே தலைமுறை மீன், முழுதாக எடுத்த பிறகு ஓய்வு, அப்புறம்தான் அடுத்த குஞ்சு என்று சட்டம் போட்டார்கள். தொழில் திரும்பி வந்தது.

நார்வேயில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. எந்தப் பண்ணையில் எந்த நோய் என்பது பண்ணைப் பெயரோடு வரைபடத்தில் பொதுவெளியில் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு நானே பார்க்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரனுக்குத் தெரிந்தால் அவன் படகைத் திருப்பிக்கொள்வான், குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடுவான். வைரஸ் விஷயத்தில் எதிர்ப்பு சக்தியில் பாதிதான் மீனின் உடம்பில் இருக்கிறது. மீதி பண்ணைகளுக்கு நடுவே விடும் இடைவெளியிலும், நோயை மறைக்காமல் ஒப்புக்கொள்வதிலும் இருக்கிறது என்பது என் கட்சி.

நம்ம ஊரில் சால்மன் வளராது, இறால் வளர்கிறது. இறாலின் நிலைமை சால்மனைவிட மோசம். அதற்கு ஆன்டிபாடியே கிடையாது, அதனால் வழக்கமான அர்த்தத்தில் தடுப்பூசி போடவும் வழியில்லை. 1994-95 வாக்கில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இந்தியக் கரைக்கு வந்தபோது, ஒரு வாரம் பத்து நாளில் குளம் குளமாக இறால் செத்தது. இப்போது வெனாமி என்ற இறால் வகையின் தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகுதான் ஹேச்சரிகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவா மீனின் நரம்பு வைரஸுக்கு உள்நாட்டிலேயே தடுப்பூசி செய்திருக்கிறது, அதுவும் நல்ல செய்தி. ஆனால் குளத்தங்கரையில் விற்பனைப் பிரதிநிதிகள் கொண்டுவந்து நிறுத்தும் "இம்யூனிட்டி பூஸ்டர்" டப்பாக்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சிலவற்றால் ஓரளவு பலன் இருக்கலாம். வெள்ளைப்புள்ளி உள்ளே வந்த பிறகு எந்த டப்பாவும் குளத்தைக் காப்பாற்றாது.

பழவேற்காடு பக்கம் குளம் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் ஒருமுறை ஒயிட் ஸ்பாட் கண்டதும் ராத்திரியோடு ராத்திரியாக அறுவடை செய்துவிட்டான். அக்கம்பக்கத்துக் குளத்துக்காரர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா யாருண்ணே வாங்குவான்? ஏஜென்ட் வெலைய பாதியா அடிச்சிடுவான், தீவனக் கடனுக்கு நீயா வந்து கட்டப்போற?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அந்தக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் போயிருக்கும், அடுத்தவன் அதைத்தான் பம்பு போட்டு உறிஞ்சியிருப்பான். அவனைத் திட்டுவது சுலபம். நார்வேயில் வரைபடத்தில் பெயர் வருவது பெரும்பாலும் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கு. இங்கே இரண்டு ஏக்கர் குளமும் தலைக்கு மேல் கடனுமாக இருப்பவனிடம் அதே நேர்மையைச் சும்மா கேட்க முடியாது.

நோயைத் தெரிவிக்க மத்திய அரசு 2023-ல் ஒரு செயலி வெளியிட்டிருக்கிறது. செயலி இருந்து என்ன, தெரிவித்தவனுக்கு என்ன கிடைக்கும்? பறவைக் காய்ச்சல் வந்து கோழியையும் வாத்தையும் அழித்தால் மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக இழப்பீடு தருகின்றன. அதனால்தான் வளர்ப்பவர்கள் வாயைத் திறக்கிறார்கள். இறாலுக்கும் அதே மாதிரி வேண்டும். முழு நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டாம். நோய் கண்ட தண்ணீரை வாய்க்காலில் விடாமல் குளோரின் போட்டு அடைத்து வைத்தவனுக்கு அந்தச் செலவும், அடுத்த சுற்றுக் குஞ்சுக்கான பணமும் முதலில் கிடைக்கட்டும். குளங்களைப் பதிவு செய்யும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது, பதிவேடும் அவர்களிடம்தான் இருக்கிறது.