நிலத்தை விட்டுவிட்டு அமெரிக்க வரலாற்றைப் பேச முடியாது

அமெரிக்க வரலாறு என்றதும் நாம் கொலம்பஸில் தொடங்கி, வாஷிங்டன், லிங்கன் என்று வந்து, இரண்டு உலகப் போர்களைத் தொட்டு, வியட்நாமிலும் இராக்கிலும் முடித்துவிடுகிறோம். பெயர்களும் ஆண்டுகளும் மனத்தில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று ஏன் பிறந்தது என்பது பிடிபடுவதில்லை. இந்த ஐந்நூறு ஆண்டுகளையும் ஒரே சரட்டில் கோப்பது நிலம் யாருக்கு என்ற கேள்விதான் என்பது பல ஆண்டு வாசிப்புக்குப் பின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

1492-இல் கொலம்பஸ் கரிபியத் தீவுகளில் கரையிறங்கினார். மறு ஆண்டே போப் ஆறாம் அலெக்சாண்டர் அட்லாண்டிக் கடலில் ஓர் எல்லைக்கோடு வகுத்து, அதற்கு மேற்கே உள்ளவை ஸ்பெயினுக்கு உரியவை என்று எழுதிக்கொடுத்தார். 1607-இல் ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறினர். புகையிலை பணம் தரத் தொடங்கியதும் உழைக்க ஆள் தேவைப்பட்டது. கடல் கடந்து ஓர் ஆளைக் கொண்டுவரும் செலவை ஏற்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்று வர்ஜீனியாவில் விதி செய்தனர். 1619-இல் ஆப்பிரிக்கர்கள் அங்கே கொண்டுவந்து விற்கப்பட்டனர். பின்னாளில் அடிமைகளை இறக்கியவர்களும் அதே விதியைக் காட்டி நிலம் பெற்றனர். நிலமும் அடிமைத்தனமும் தொடக்கத்திலேயே ஒரே கணக்கில் ஏறிவிட்டன.

சுதந்திரப் போருக்குத் தேயிலை வரியைக் காரணமாகச் சொல்வது தவறில்லை, ஆனால் அது பாதிக் காரணமே. 1763-இல் பிரிட்டிஷ் மன்னர், அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரகடனம் செய்தார். மேற்கத்திய நிலங்களில் பெரும் ஆர்வம் காட்டியவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர். 1776 சுதந்திரப் பிரகடனத்தின் குற்றப்பட்டியலில், புதிய நிலம் பெறுவதை மன்னர் கடினமாக்கினார் என்ற புகாரும் உண்டு. (1781-இல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி காரன்வாலிஸ், 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம், கிருஷ்ணகிரிப் பகுதியான பாரமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனிக்குப் பெற்றுத்தந்தார். அங்கே இழந்ததை இங்கே ஈடுகட்டிய பேரரசு அது.)

புதிய குடியரசு 1785-இல் நில அளவைச் சட்டம் கொண்டுவந்தது. 66 அடிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அளவையாளர்கள் காடுகளிலும் புல்வெளிகளிலும் இறங்கினர். நம் ஊரிலும் வயல்களை அளந்த அதே சங்கிலிதான். ஒரு சதுரச் சங்கிலி என்றால் 10 சென்ட். ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம், அதற்குள் 640 ஏக்கர் வீதம் 36 கட்டங்கள் என்று கண்டத்தையே விற்பனைக்கு ஏற்றபடி வரைந்தார்கள். 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானாவை 1.5 கோடி டாலருக்கு வாங்கியதும் நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டியில் அடிமைகள் நெப்போலியனின் படையை முறியடித்திராவிட்டால் அந்த விற்பனை நடந்திருக்குமா என்பது ஐயமே.

தென்கிழக்குப் பழங்குடியினரான செரோக்கி மக்களுக்கு நேர்ந்ததை நான் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. அவர்கள் தங்கள் மொழிக்கென எழுத்துமுறை வைத்திருந்தார்கள், அரசியல் சட்டம் இயற்றியிருந்தார்கள், செய்தித்தாள் நடத்தினார்கள். ஜார்ஜியா மாநிலம் அவர்களது நிலத்தை 1832-இல் குலுக்கல் சீட்டு முறையில் வெள்ளையருக்குக் கொடுத்தது. அவர்களின் தலைவர் ஜான் ராஸ் 1835-இல் வாஷிங்டனிலிருந்து வீடு திரும்பியபோது, சீட்டு விழுந்தவர் அந்த வீட்டில் குடியேறியிருந்தார். 1838-இல் ராணுவத்தை வைத்து அந்த மக்களை மேற்கே விரட்டினார்கள். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. தெற்கில் பழங்குடிகளிடமிருந்து இப்படிப் பறித்த நிலத்தில் பருத்தி விளைந்தது. பருத்திக்காக அடிமைகள் லட்சக்கணக்கில் உள்நாட்டிலேயே விற்கப்பட்டனர். மெக்சிகோவுடன் போரிட்டு 1848-இல் பெற்ற புதிய நிலத்தில் அடிமைமுறை இருக்கலாமா என்ற சண்டை முற்றித்தான் 1861-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது.

அந்தப் போரின் முடிவில் நடந்த ஒன்றை நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். 1865 ஜனவரி 12 அன்று சவானா நகரில் வடக்கு மாநிலங்களின் தளபதி ஷெர்மன் கறுப்பின மதகுருமார் இருபது பேரைச் சந்தித்தார். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃபிரேசியருக்கு வயது 67. 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் விலைக்கு மீட்டவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, எங்களுக்கு நிலம் கொடுங்கள், நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கு நாட்களில் ஷெர்மன் ஆணையிட்டார்: குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் அந்தக் கடலோர நிலங்களில் பயிர் செய்யத் தொடங்கினர். லிங்கன் கொல்லப்பட்டதும் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டு அந்த நிலங்களைப் பழைய பண்ணையார்களிடமே திருப்பிக்கொடுத்தார். அந்தச் செய்தியோடு அக்டோபரில், விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அமைப்பின் தலைவர் தளபதி ஹோவர்ட் தெற்குக் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனார். எங்கள் தந்தையரின் எலும்பைப் புதைக்கும் அளவு நிலம்கூட எங்களுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று அந்த மக்கள் அதிபருக்கு மனு எழுதினார்கள். பலன் இல்லை. விடுதலை பெற்றவர்கள் தங்களை முன்பு உடைமையாக வைத்திருந்தவர்களிடமே வாரக் குடிகளாகிக் கடனில் மூழ்கினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளின் இனவெறிக் கொடுமைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிலம் இல்லாதவனின் வாக்குரிமையைப் பறிப்பது எளிது.

இதே காலத்தில் அரசிடம் கொடுக்க நிலமே இல்லாமலும் போய்விடவில்லை. 1862 குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுபவருக்கு 160 ஏக்கரை ஏறத்தாழ இலவசமாகவே தந்தது; பெரும்பகுதி வெள்ளையருக்குப் போனது. அந்த நிலம் வந்த வழியைச் சொல்ல, 1868-இல் ஒப்பந்தம் போட்டு சமவெளிப் பழங்குடியினரான லகோட்டா மக்களுக்கு உறுதியளித்த கருங்குன்றுகளில் (பிளாக் ஹில்ஸ்) தங்கம் கிடைத்ததும் 1877-இல் அதைப் பறித்துக்கொண்டது ஒன்றே போதும். 1887-இல் பழங்குடிகளிடம் 13.8 கோடி ஏக்கர் இருந்தது, 1934-இல் 4.8 கோடிதான் மிஞ்சியது.

கண்டத்துக்குள் நிலம் முடிந்தபின் கடல் கடந்தார்கள். 1898-இல் ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகியவை அமெரிக்கக் கொடியின் கீழ் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகளைப் பிடிப்பதற்குப் பதில் ராணுவத் தளங்கள் போதும் என்றானது. ஆனால் 1946-க்குப் பின் ஜப்பானில், பண்ணையார்களின் நிலத்தைக் குத்தகை உழவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் சீர்திருத்தத்தை முன்னின்று செய்வித்ததும் இதே அமெரிக்காதான். டோக்கியோவில் முடிந்தது தெற்குக் கரோலினாவில் ஏன் முடியாமல் போனது? தெற்கு வியட்நாமில் உழுபவருக்கே நிலம் என்ற சட்டம் 1970-இல் அமெரிக்க ஆதரவோடு வந்தது. அதற்குள் நிலமற்ற உழவர் பலர் கம்யூனிஸ்டுகள் பக்கம் போய்விட்டிருந்தனர்.

இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவு இருக்கிறது. அங்கே அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை, அந்தத் தீவுகளில் வாழ்ந்த சாகோஸ் மக்களை, அவற்றைத் தன் வசம் வைத்திருந்த பிரிட்டன் வெளியேற்றியது. அவர்கள் வளர்த்த நாய்களைக்கூடக் கொன்றார்கள். 1991 வளைகுடாப் போர், 2001 ஆப்கானிஸ்தான், 2003 இராக் ஆகிய மூன்றுக்கும் குண்டுவீச்சு விமானங்கள் அந்தத் தீவிலிருந்து பறந்தன. கனடாவை நோக்கிப் படகேறிய ஈழத்தமிழர் பலர் 2021 முதல் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடாரங்களில் அடைபட்டிருந்ததும் அங்கேதான்.

இதெல்லாம் பழைய கதை, இனி என்ன செய்ய முடியும் என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரம் 1920-களில் ஒரு கறுப்பினக் குடும்பத்திடமிருந்து பறித்த கடற்கரை நிலத்தை, 2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் அவர்களின் வாரிசுகளிடம் ஒப்படைத்தது. கருங்குன்றுகளைப் பறித்தது இழப்பீட்டுக்குரிய செயல் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1980-இல் தீர்ப்பளித்துவிட்டது. அந்தப் பணத்தை வாங்க லகோட்டா மக்கள் இன்றுவரை மறுக்கிறார்கள். நிலம்தான் வேண்டும் என்கிறார்கள். அந்தக் குன்றுகளில் பெரும்பகுதி இன்றும் ஒன்றிய அரசின் வனமாகவே இருப்பதால், யாருடைய வீட்டையும் இடிக்காமல், யாருடைய வயலையும் பறிக்காமல் அதைத் திருப்பிக்கொடுக்க முடியும். 1985-இல் செனட்டர் பில் பிராட்லி அதற்கொரு மசோதாவையே கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அந்த மசோதாவை மீண்டும் அவையில் வைக்க வேண்டும்.