ராயபுரம்தான் முதல் ஸ்டேஷனா?

ராயபுரம் ஸ்டேஷனின் சிவப்புக் கட்டடப் படத்தோடு ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது: "இந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது இங்கிருந்துதான், 1856-இல்!" காசிமேட்டுக்காரனான எனக்கே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியது, 34 கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1856 ஜூலை 1-இல். தென்னிந்தியாவில் அதுதான் முதல் பயணிகள் ரயில். அப்புறம் குழப்பம் எங்கிருந்து வந்தது? போரி பந்தரின் பழைய ஸ்டேஷன் இன்று இல்லை, அந்த இடத்தில் பெரிய டெர்மினஸ் கட்டிவிட்டார்கள். நம் தூண் வரிசைக் கட்டடம் மட்டும் நிற்கிறது. 'இன்றும் நிற்பதில் பழையது' என்பதை யாரோ 'முதல்' என்று சுருக்கிவிட்டார்கள்.

பெருமைதான் வேண்டும் என்றால் செங்குன்றம் இருக்கிறதே! பம்பாய்க்கும் முன்னால், 1837-லேயே அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குத் தண்டவாளம் போட்டார்கள். ஏறியது ஆளில்லை, சாலை போடக் கல். நீராவி எஞ்சினை முயன்று பார்த்தாலும் பெரும்பாலும் வண்டியை இழுத்தவை கால்நடைகள்தான்.